எட்டு என்று பொறித்த வெள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் யாரிடமாவது ஒரு வெள்ளித் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். அடுத்து ஓரத்தைத் தடவுவார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது கடைசியில்தான். நானும் அப்படிப் பழகியவன். எவ்வளவு வெள்ளி, எவ்வளவு செம்பு என்பதை எங்கள் தொழிலில் ‘டச்’ என்போம், பெரியவர்கள் ‘மாற்று’ என்பார்கள். பழைய நாணயங்கள் மேல் ஆசை வந்த பிறகும், அரசர் முகத்தைவிட எனக்கு மாற்றுதான் முக்கியமாகப் பட்டது. அந்த வழியில் போனவனை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருப்பது ஸ்பெயின் நாட்டின் எட்டு ரெயால் நாணயம்.

ஸ்பானிய மொழியில் எட்டுக்கு ‘ஓச்சோ’ என்று பெயர். ‘ரெயால் தே ஆ ஓச்சோ’ என்றால் எட்டு ரெயால் பெறுமானமுள்ள ஒற்றைக் காசு. ஆங்கிலேய வியாபாரிகள் இதை எட்டுத் துண்டு என்றார்கள், பிறகு டாலர் என்றார்கள். மெக்சிகோ முதல் மணிலா வரை, கான்டன் முதல் சென்னை வரை, சுமார் 300 ஆண்டுகள் கடல் வணிகத்தில் இதை வேண்டாம் என்று சொன்ன துறைமுகம் அரிது. இன்றைய அமெரிக்க டாலருக்கு முன்னோடி இதுதான். ஒரு நாட்டின் காசு இத்தனை தேசங்களில் செல்லுபடியானது எப்படி? வெள்ளித் தொழிலில் இருப்பவன் சொல்லும் விடை எளியது. எட்டு என்று போட்டிருந்தது, எடுத்துப் போட்டால் எட்டு இருந்தது. அந்தச் சொல் காப்பாற்றப்பட்ட கதையும் மீறப்பட்ட கதையும் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்ற கதையும் சேர்ந்ததுதான் இந்த நாணயத்தின் வரலாறு.

தொடக்கம் ஸ்பெயினில். பல வகைக் காசுகள் புழங்கி வியாபாரம் குழம்பிக் கிடந்த காலத்தில், 1497-ல் மெதீனா தெல் காம்போ என்ற சந்தை ஊரில் இருந்து அரசர் பெர்டினாண்டும் அரசி இசபெல்லாவும் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். 230 கிராம் கொண்ட ஒரு ‘மார்க்கோ’ வெள்ளியிலிருந்து 67 ரெயால் அடிக்க வேண்டும். அந்த வெள்ளி ஆயிரத்தில் 930 பங்குக்குச் சற்று மேல் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு ரெயாலின் எடை ஏறக்குறைய மூன்றரை கிராம். சில்லறைக் கணக்கில் அது 34 மரவேதி. ரெயாலை இரட்டித்தால் இரண்டு, மறுபடி இரட்டித்தால் நான்கு, அதற்கும் மேல் எட்டு. எட்டு ரெயால் நாணயம் 27 கிராமுக்குச் சற்று மேல் நின்றது.

பத்து இருக்க எட்டு ஏன் என்று இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அணாக் கணக்கு தெரிந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரூபாயில் பாதி எட்டணா, அதில் பாதி நாலணா, அதில் பாதி இரண்டணா. கணக்குத் தெரியாதவரும் பாதி பாதியாகப் பிரித்துவிடலாம். எட்டு ரெயாலும் அதே வழி. அதோடு, இதைக் கணக்கில் மட்டும் பிரிக்கவில்லை. சில்லறை கிடைக்காத கரீபியன் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உளியால் நிஜமாகவே வெட்டினார்கள். இரண்டாக, நான்காக, எட்டாக வெட்டிய அந்தத் துண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. வெட்டினாலும் அதே மாற்று உள்ள வெள்ளிதான் என்ற தைரியம் இருந்ததால்தான் வெட்டிய துண்டும் காசாக ஓடியது. கலப்படக் காசை வெட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஸ்பெயினுக்குள் மட்டும் இருந்திருந்தால் இது இன்னொரு ஐரோப்பியக் காசாக முடிந்திருக்கும். அமெரிக்கக் கண்டத்து வெள்ளிதான் அதை உலகக் காசாக்கியது. மெக்சிகோ நகரில் நாணயம் அடிக்கும் அக்கசாலை அமைக்க 1535-ல் உத்தரவு வந்தது. அமெரிக்கக் கண்டத்தின் முதல் அக்கசாலை அதுவே. பத்தாண்டுகள் கழித்து, 1545-ல், இன்று பொலிவியா எனப்படும் நாட்டின் உயர்ந்த மலைப்பகுதியில் பொத்தோசி வெள்ளி மலை வெளிப்பட்டது. ஸ்பானியர்கள் அதற்கு ‘செரோ ரிக்கோ’ என்று பெயரிட்டார்கள். செல்வ மலை என்று பொருள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், பயிர் சரியாக விளையாத குளிர் மண்ணில் ஒரு பெருநகரம் எழுந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1,60,000 பேர் இருந்தார்கள். எடுக்கும் வெள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு. 1574-ல் அந்த நகரிலேயே அக்கசாலையும் வந்தது.

மேலாக இருந்த நல்ல தாது சில பத்தாண்டுகளில் தீர்ந்தது. மிஞ்சிய தாதுவில் வெள்ளி குறைவு; உருக்கி எடுத்தால் கட்டுப்படியாகாது. அதற்குப் பாதரசம் கைகொடுத்தது. மெக்சிகோவின் பச்சூக்காவில் 1554-ல் பார்தொலொமே தெ மெதீனா என்பவர் பெரிய அளவில் செய்து காட்டிய முறை 1570-களில் பொத்தோசிக்கும் வந்தது. தாதுவை நீர்ச்சக்கர ஆலைகளில் மாவாக இடித்து, உப்பும் பாதரசமும் கலந்து பிசைவார்கள். வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவி, துணியில் பிழிந்து, மிச்சப் பாதரசத்தைச் சூட்டில் ஆவியாக்கினால் வெள்ளி தங்கும். பாதரசம் பெருவின் உவான்காவெலிக்கா சுரங்கத்திலிருந்து வந்தது. அதற்கு அந்த நாட்டில் மரணச் சுரங்கம் என்றே பெயர். பாதரசம் வைத்து முலாம் பூசிய காலத்து ஆசாரிகள் சிலருடைய கை நடுக்கத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்கச் சிரமப்படுவார்கள். ஒரு சின்னப் பட்டறையின் புகைக்கே அந்தக் கதி என்றால், உவான்காவெலிக்காவில் வேலை செய்தவர்களின் நிலையை நினைக்க எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

அந்த வேலைக்கு மனமுவந்து யார் போவார்கள்? பொத்தோசியையும் சேர்த்து ஆண்ட பெருவின் ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ 1570-களில் ‘மித்தா’ என்ற கட்டாய உழைப்பை முறைப்படுத்தினார். இன்கா அரசர்கள் காலத்தில் பாதை போடவும் பாலம் கட்டவும் ஊர்கள் முறை வைத்து ஆள் அனுப்பிய பழைய வழக்கத்தின் பெயர் அது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சுரங்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 16 மாகாணங்களிலிருந்து, உழைக்கும் வயது ஆண்களில் ஏழில் ஒருவர் வீதம், ஆண்டுக்கு 13,000-க்கும் மேற்பட்டோர் பொத்தோசிக்கு வர வேண்டும். மனைவி, குழந்தை, லாமா, உணவு மூட்டையோடு பல வாரம் நடந்து வந்தார்கள். திரும்பிப் போகாதவர்கள் பலர். ஆள் எடுப்புக்குப் பயந்து ஊரைவிட்டே ஓடியவர்கள் அதற்கும் மேல். கிராமங்கள் காலியாகக் காலியாக, மிஞ்சியவர்களுக்கு முறை அடிக்கடி வந்தது.

சுரங்கத்துக்குள் என்ன நடந்தது என்று 1590-ல் வெளியான தன் நூலில் ஹோசே தெ அகோஸ்தா என்ற ஏசு சபைத் துறவி விவரித்திருக்கிறார். வெளிச்சத்துக்காகக் கட்டைவிரலில் மெழுகுவர்த்தியைக் கட்டிக்கொள்வார்கள். முறுக்கிய மாட்டுத்தோல் ஏணிகளில் குறுக்குக் கட்டைகள் இருக்கும். இரண்டு அரோபா, நம் கணக்கில் சுமார் 23 கிலோ தாதுவை, போர்வை போன்ற துணியில் மூட்டையாக முதுகில் போட்டு, முனையை மார்பில் முடிந்துகொண்டு அந்த ஏணிகளில் ஏறுவார்கள். உள்ளே வெக்கை, வியர்க்க விறுவிறுக்க மேலே வந்தால் பனிக்காற்று. இந்த உழைப்புக்குத் தொலேதோ வகுத்த தினக்கூலி சுரங்கத்துக்குள் மூன்றரை ரெயால், தாது ஆலையில் இரண்டே முக்கால் ரெயால். ஒரு முழு நாள் உழைப்புக்கு அவர்கள் எடுத்த வெள்ளியில் அடித்த நாணயத்தில் பாதிகூடக் கிடையாது. அதே வேலையைக் கட்டாயமின்றிச் செய்த கூலியாட்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்குக் கிட்ட கொடுத்தார்கள்.

இப்போது அக்கசாலைக்குள் போவோம். எங்கள் பட்டறைக்காரர்கள் பார்த்தால் உடனே புரியும் வேலை. உருக்கிய வெள்ளியைப் பட்டையாக வார்த்து, தட்டி, உளியால் துண்டு போடுவார்கள். ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்து, கூடுதலாக இருந்தால் ஓரத்தை வெட்டுவார்கள். பிறகு சூடேற்றி, கீழ் அச்சுக்கும் மேல் அச்சுக்கும் இடையில் வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். என்னிடம் பொத்தோசியில் அடித்த அப்படியொரு காசு இருக்கிறது. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஒரு பக்கம் சப்பை, ஒரு பக்கம் கனம். முத்திரையில் பாதி வெளியே போய்விட்டது. ஆனால் எடையில் குறை சொல்ல முடியாது. ஸ்பானிய மொழியில் இந்த வகைக்கு ‘மக்குக்கினா’ என்று பெயர். அழகுக்காக அடித்ததல்ல, எடைக்காக அடித்தது.

அதன் முகத்தில் எட்டு என்ற எண்ணும் அக்கசாலையின் எழுத்தும் இருக்கும். அவற்றோடு இன்னோர் எழுத்தும் இருக்கும். அது மாற்றுப் பார்த்த அதிகாரியின் பெயரின் முதலெழுத்து. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காசில் குறை இருந்தால் யாரைப் பிடிப்பது என்று காசே சொல்லும். அரசர் கடல் கடந்து இருக்கிறார், அவரை யாரும் போய்க் கேட்க முடியாது. எழுத்தைப் போட்டவன் ஊரிலேயே இருக்கிறான்.

அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பது 1640-களில் தெரிந்தது. பொத்தோசிக் காசில் வெள்ளி குறைகிறது என்று ஐரோப்பாவில் புகார் கிளம்பியது. வெள்ளி வியாபாரி பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சாவும் மாற்று அதிகாரி ஃபெலிப்பே ராமிரெஸ் தெ அரெயானோவும் உள்ளிட்ட கூட்டம் செம்பைக் கூட்டி அடித்துக்கொண்டிருந்தது. ஸ்பெயின் அனுப்பிய விசாரணை அதிகாரி நெஸ்தாரெஸ் மரீன் இருவருக்கும் மரண தண்டனை விதித்து நிறைவேற்றினார். அதனால் சேதம் சரியாகிவிடவில்லை. பெருவின் வெள்ளி என்றாலே சந்தைகள் வாங்க மறுத்தன. குறையுள்ள எட்டு ரெயால் காசுகளின் மதிப்பை இறக்கினார்கள். ஒரு பகுதியை ஏழரை ரெயாலாக்கி, மேலே கிரீட முத்திரை குத்தி ஓடவிட்டார்கள். எட்டு என்று எழுதிய காசு ஏழரைக்கு ஓடுவது அதைக் கையில் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் நட்டம். ஏமாற்றியவர்கள் சிலர், பணத்தை இழந்தது ஊர்.

போன பெயரை மீட்க 1652-ல் காசின் உருவத்தையே மாற்றினார்கள். கடல் அலைமேல் நிற்கும் இரண்டு தூண்கள் வந்தன. கிரேக்கக் கதைகளில் உலகின் எல்லையாகச் சொல்லப்படும் ஹெர்குலிஸ் தூண்கள் அவை. புதிய காசில் ஆண்டும் மாற்று அதிகாரியின் எழுத்தும் அக்கசாலைக் குறியும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. அடி எங்கே சரிந்து விழுந்தாலும் ஏதாவது ஓர் இடத்தில் அதிகாரியின் எழுத்து தெரிந்தே தீர வேண்டும். வெள்ளி வியாபாரத்தில் பெயர் கெட்ட கடையின் வாரிசுகள் பில்லில் எல்லாவற்றையும் இரண்டு தடவை எழுதிக் கொடுப்பதை நான் கண்டிருக்கிறேன். கெட்ட பெயரை அழிக்க வேறு வழி இல்லை.

1732-ல் மெக்சிகோ அக்கசாலை இயந்திரத்தால் வட்டமாக அடிக்கத் தொடங்கியது. இரண்டு தூண்களுக்கு நடுவே இரண்டு பூகோளங்கள், மேலே ஒரே கிரீடம். பழைய உலகமும் புதிய உலகமும் ஓர் அரசின்கீழ் என்று பொருள். ஓரத்தில் பூவேலைப்பாடு ஓட்டினார்கள். அதை அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓரத்தைச் சுரண்டித் திருடினால் வேலைப்பாடு அழிந்து காட்டிக்கொடுக்கும் என்பதுதான் உண்மையான காரணம். மலாய் மொழியில் ‘ரிங்கிட்’ என்ற சொல்லுக்கு ரம்பப் பல் போன்ற விளிம்பு என்று பொருள். அந்தப் பகுதியில் புழங்கிய ஸ்பானிய வெள்ளியின் ஓரத்திலிருந்து வந்து, இன்று மலேசிய நாணயத்தின் பெயராக நிற்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்கள் தங்கள் பணத்தை இன்னும் ‘வெள்ளி’ என்றே சொல்கிறார்கள். காகித நோட்டாக மாறிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

இந்தக் காசு கிழக்கே வந்த வழி நீண்டது. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்திலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு 1565 முதல் 1815 வரை ஸ்பானியப் பெருங்கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்தன. போகும்போது வெள்ளி, திரும்பும்போது சீனப் பட்டும் பீங்கானும். சீனா வெள்ளிக்கு அவ்வளவு ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. மிங் அரசு 16-ஆம் நூற்றாண்டில் வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் கட்டச் சொன்னது. அந்த நூற்றாண்டின் முடிவில், ஸ்பெயினில் ஒரு பங்கு தங்கத்துக்குச் சுமார் பன்னிரண்டு பங்கு வெள்ளி தர வேண்டியிருந்தது. சீனாவில் ஆறு பங்கு போதும். வெள்ளியைக் கிழக்கே கொண்டுபோனவர்களுக்கு வழியிலேயே லாபம் கொழித்தது.

கான்டன் நகரத்துச் சராப்புகள் காசை வாங்கிச் சோதித்து, சரி என்று கண்டால் தங்கள் சின்ன முத்திரையைக் குத்துவார்கள். என்னிடம் இருக்கும் 1783-ஆம் ஆண்டு மெக்சிகோ காசில் அப்படிப்பட்ட தழும்புகள் இருக்கின்றன. அரசர் மூன்றாம் கார்லோஸின் கன்னத்தில் ஒன்று, கழுத்தருகே ஒன்று, மறுபக்கக் கேடயத்தின்மேல் ஒன்று. ஒவ்வொரு தழும்பும் ஒரு கடைக்காரர் நின்று தட்டிப் பார்த்துச் சொன்ன ‘சரி’. விளிம்பு எழுத்துகளில் அக்கசாலைக் குறிக்குப் பக்கத்தில் எட்டு என்ற எண், அதையடுத்து மாற்று அதிகாரிகள் இருவரின் முதலெழுத்துகள். உலகத்தின் இரு முனைகளில் இருந்த சோதனைக்காரர்களின் குறிகள் ஒரே வட்டத்துக்குள் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தொழில்மீது எனக்குப் பெருமை உண்டாகிறது.

அதே காசில் ஒரு கறையும் உண்டு. 1772-ல் தூண் காசை மாற்றி அரசர் முகம் போட்ட காசைக் கொண்டுவந்தபோது, ஸ்பானிய அரசு ரகசியமாக மாற்றைக் குறைத்தது. 1728-ல் வெளிப்படையாகவே ஆயிரத்துக்குச் சுமார் 917 என்று இறக்கியிருந்தார்கள். 1772-ல் அது 903-க்கும், 1786-ல் 896-க்கும் இறங்கியது. எட்டு என்ற எண் அப்படியே இருந்தது. பொத்தோசியில் இரண்டு பேர் உயிரை விட்ட குற்றத்தைச் சின்ன அளவில் அரசே செய்தது. அதற்குத் தண்டனை கிடையாது. ஆனாலும், குறைந்த பிறகும்கூட மற்ற நாட்டுக் காசுகளோடு ஒப்பிட்டால் இது நிலையாக இருந்தது. அதனால்தான் ஓடியது.

சென்னைக்கும் இது வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்க இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது பெரும்பாலும் வெள்ளிதான். அதில் எட்டு ரெயால் காசுக்குப் பெரிய பங்கு. இங்கே அது பெரும்பாலும் உருக்கப்பட்டு உள்ளூர்க் காசாக மாறும். 1807-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருக்கக்கூட நேரமில்லாமல் ஸ்பானியக் காசின் மேலேயே சென்னை அச்சை அடித்தார்கள். அப்படி வந்த அரை வராகன் வெள்ளியில் ஒரு பக்கம் கோயில் கோபுரமும் விண்மீன்களும், மறுபக்கம் திருமால் உருவமும், தமிழிலும் தெலுங்கிலும் மதிப்பும் இருக்கும். சில காசுகளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய எழுத்தின் மிச்சம் தெரியும். மெக்சிகோ மலையின் வெள்ளி, ஸ்பெயின் அரசர் பெயரைச் சுமந்து, இறுதியில் தமிழ் எழுத்தில் முடிந்திருக்கிறது.

மற்ற இடங்களிலும் இப்படித்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காசுப் பஞ்சம் வந்தபோது, ஆளுநர் மக்குவாரி 40,000 ஸ்பானிய வெள்ளியை வரவழைத்து, 1813-ல் நடுவில் ஓட்டை போட்டு வளையம் ஒரு காசு, நடுத்துண்டு ஒரு காசு என்று இரண்டாக்கினார். அமெரிக்கா 1792-ல் தன் டாலரை வரையறுத்தபோது ஸ்பானிய வெள்ளியையே அளவாக வைத்தது. 1857 வரை அங்கே ஸ்பானியக் காசு சட்டப்படி செல்லுபடியானது. நியூயார்க் பங்குச் சந்தையில் டாலரை எட்டில் ஒரு பங்கு, பதினாறில் ஒரு பங்கு என்று பிரித்துச் சொன்ன பழக்கம் 2001-ல்தான் முடிவுக்கு வந்தது. சுதந்திர மெக்சிகோ அரசர் முகத்தை நீக்கிக் கழுகைப் போட்டது. எட்டு ரெயால் என்பதை மட்டும் 1897 வரை கைவிடவில்லை. கைவிட்டால் சீனாவில் விலை போகாது என்று தெரியும்.

சேலத்தில் சில சமயம் பள்ளிப் பிள்ளைகளுக்காக நாணயங்களைக் காட்சிக்கு வைப்போம். ஒவ்வொன்றின் அடியிலும் எடை, மாற்று, அக்கசாலை, ஆண்டு என்று ஓர் அட்டை இருக்கும். எங்கள் நாணய ஆர்வலர் சங்கத்து நண்பர்களிடம் நான் வற்புறுத்திப் பொத்தோசிக் காசின் அட்டையில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்க வைத்திருக்கிறேன்: இந்த வெள்ளியைச் சுமந்தவரின் தினக்கூலி, மூன்றரை ரெயால். மாற்றுப் பார்த்தவரின் எழுத்து காசிலேயே இருக்கிறது, அரசர் பெயரும் இருக்கிறது. மலைக்குள் இறங்கியவருக்கு அதில் இடம் தரவில்லை. சரியான கணக்கு என்றால் எல்லாத் தரப்பும் எழுதப்பட வேண்டும் என்றுதான் எங்கள் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகள் அந்த வரியைப் படித்துவிட்டு எட்டில் மூன்றரை போனால் மீதி நாலரை யாருக்குப் போயிற்று என்று கேட்கிறார்கள். சுரங்க முதலாளிக்கு, பாதரசம் விற்ற அரசுக்கு, ஐந்தில் ஒரு பங்கு வாங்கிய அரசருக்கு, கப்பல்காரருக்கு, வியாபாரிக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவேன். வரலாறு அங்கிருந்துதான் அவர்களுக்குப் பிடிபடுகிறது.